பச்சைக் கித்தான் போட்ட வண்டி

அன்புள்ள எலெரி அக்காவுக்கு,

நெரிஸ் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், உன் மகன் ரீஸ் ஆகிய நால்வரும் நலம். ‘நால்வரும்’ என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். படிக்கும்போது நெஞ்சு படபடத்தால் மேலே வந்து அந்தச் சொல்லை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி இறங்கு. உன் தீவில் நீயும் நீ கணக்கெடுக்கும் பறவைகளும் சுகம் என்று நம்புகிறேன். செவ்வாய்க்கிழமைப் படகில் இது வந்து சேரும். வேறு யார் வாயிலிருந்தாவது உன் காதுக்கு எட்டுவதற்குள் வந்துவிட வேண்டும்.

நேற்று ரீஸை இசைவிழாவுக்கு அழைத்துப் போனோம். அது வெறும் விழா இல்லை, பரீட்சை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த ஒரு வாரக்கடைசி ஒழுங்காக நடந்தால் ஆகஸ்ட் முழுவதும் அவன் எங்களோடு இருக்கலாம், இல்லாவிட்டால் ரெடிங்கில் உன் மாமியார் வீட்டு வெள்ளைக் கம்பளத்தின் மேலேயே இருக்கட்டும் என்று நீ சொல்லிவிட்டுப் படகேறியதிலிருந்து அப்பா தூக்கத்தில்கூட ஆகஸ்ட் பேச்சுத்தான் பேசினார். பேரனுக்காக ஓர் இழுவண்டி வாங்கினார். நாலு சக்கரம், உள்ளே மெத்தை, மேலே மழைக்குப் பச்சைக் கித்தான், சுற்றிலும் சீரியல் பல்பு. இந்த மாவட்டத்திலேயே இப்படி ஒன்று யாரிடமும் இருக்காது என்றார். போய் இறங்கினால் புல்வெளி முழுக்க அதே பச்சைக் கித்தான், அதே பல்பு போட்ட வண்டிகள்.

மழை எங்களுக்கு முன்பே வந்து இடம் பிடித்திருந்தது. வாசலில் குழந்தைகளின் கையில் ஒரு காகிதப் பட்டை கட்டி, தாயின் தொலைபேசி எண்ணை எழுதச் சொன்னார்கள். அப்பா உன் எண்ணை எழுதினார். அதற்கு அடித்தால் தீவில் பறவைதான் எடுக்கும் என்று அம்மா சொன்னாள். “தாயார் நம்பர்னு போட்டிருக்கு. தாயார் நம்பர்தான் எழுதணும்” என்று அப்பா முடித்துவிட்டார். எந்த விதியையும் மீறாமல் ஒரு நாளைக் கழிப்பது என்ற முடிவோடு வந்திருந்தார். அதனால்தான் எல்லாம் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ரீஸ் பித்தளை வாத்தியக்காரர்களோடு சேற்றில் ஆடினான், வினிகர் ஊற்றிய சிப்ஸ் தின்றான், சத்தம் கேட்காமலிருக்கக் காதுமூடியை மாட்டிக்கொண்டு வண்டிக்குள் தூங்கிப்போனான். கித்தானை இழுத்து மூடினோம். தூங்குகிற பிள்ளையை எழுப்புகிறவர்கள் உருப்படமாட்டார்கள் என்பது அம்மாவின் சட்டம், உனக்குத் தெரியுமே. தேநீர்க் கூடாரத்தின் வரிசையில் நிற்கும்போது ஒரு காற்று வந்து அப்பாவின் குடையைப் பிடுங்கியது. பின்னால் நின்றவரின் குடையையும் பிடுங்கியது. இரண்டு பேரும் அவரவர் வண்டியை விட்டுவிட்டு ஓடினார்கள், அவர்கள் குடையைப் பிடிக்க உதவுவதாக நினைத்து நானும் அம்மாவும் அந்த மனிதரின் மனைவியும்கூட நாலெட்டு ஓடினோம், பிடித்தோம், சிரித்தோம், மழை கண்ணை மறைக்கத் திரும்பி வந்து கைக்கு எட்டிய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவரவர் வழியில் போய்விட்டோம். அப்பா வண்டியை முட்டை ஏற்றியது போல இழுத்தார். “பாத்தியா, அலுங்காம கொண்டு வரேன், புள்ள அசையவே இல்ல” என்று என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். மேட்டில் ஏறி, பிடில்காரர்கள் வாசிப்பதைக் கேட்டு, திரும்ப இறங்கும்போது கித்தான் தானாக விலகியது. உள்ளேயிருந்து செம்பட்டை முடியோடு ஒரு பையன் எழுந்து உட்கார்ந்தான். அவனை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

“ஹலோ,” என்றான். “எனக்கு ஒண்ணுக்கு வருது.”

அக்கா, மேலே போய் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு வா.

அப்பாவின் முகத்தில் நிறமே இல்லை. அம்மா மட்டும், “யார் பெத்த புள்ளயா இருந்தாலும் வந்தா வந்ததுதான்” என்று அவனை வேலியோரம் கூட்டிப்போனாள். பெயர் பார்னபியாம். அவன் கைப்பட்டையில் எழுதியிருந்ததை மழை கரைத்து ஒரு நீலக் கறை மட்டும் விட்டிருந்தது. புல்வெளியின் அடியில் ஓடை கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை மூன்று பேருமே பார்த்தோம்.

காணாமற்போன குழந்தைகளுக்கான கூடாரம் அந்தக் கோடியில். அப்பா பார்னபியோடு வண்டியை இழுத்துக்கொண்டு ஓடினார். ஒரு ரப்பர் பூட்ஸ் சேற்றில் நின்றுவிட்டது, அதை எடுக்கவில்லை. வழியில் கண்ட பச்சைக் கித்தானையெல்லாம் தூக்கிப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒன்றில் பீர் இருந்தது, ஒன்றில் நாய். கூடாரத்துக்குப் போனால் அங்கேயும் வரிசை. உள்ளே பாய்ந்து போயிருக்க வேண்டும். ஆனால் அறுபது வருஷமாக அப்பா எந்த வரிசையையும் தாண்டியதில்லை. கால் தானாகக் கடைசியில் போய் நின்றது. ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் காலுறை, இருந்தும் நிற்கிறார். எங்களுக்கு முன்னால் மழைக்கோட்டுத் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்ட ஒரு தம்பதி, அவர்களிடமும் பச்சைக் கித்தான் வண்டி. அந்த மனிதர் திரும்பி, மழை பலம்தான் என்றார். பலம்தான் என்றார் அப்பா.

“ரொம்பக் கலங்கிப் போயிருக்கீங்க. எங்களுக்கு முன்னாடி போங்களேன்.”

“அதெப்படிங்க, நீங்கதானே முதல்ல வந்தீங்க.”

“பரவால்ல, போங்க.”

“இல்லைங்க, முறைன்னு ஒண்ணு இருக்கு.”

“உங்க முறையில இடி விழ,” என்று அம்மா பார்னபியைத் தூக்கிக்கொண்டு முன்னே பாய்ந்தாள். அந்த அம்மாள் அவனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள், அதை எழுத எனக்கு எழுத்தில்லை. அந்தச் சத்தத்தில் அவர்களுடைய வண்டியின் கித்தான் மேலே எழுந்தது. கையில் பாதி சீஸ் சாண்ட்விச்சோடு ரீஸ்.

“தாத்தா, நீ எங்க போயிட்ட?”

அழவேயில்லையாம். நீ தொலைந்துவிட்டாய் என்று அவர்கள் எவ்வளவு சொல்லியும், நான் என் வண்டியில்தான் இருக்கிறேன், தாத்தாதான் தொலைந்துவிட்டார் என்று சாதித்திருக்கிறான். அவன் சொன்னதில் பிழையில்லை. அப்பா சேற்றில் மண்டி போட்டு அவனைக் கட்டிக்கொண்டார்; எழுந்திருக்க நானும் அந்த மனிதரும் தூக்கிவிட வேண்டியிருந்தது.

இன்று காலை அப்பா என் அறை வாசலில் நின்றார். “எலெரிக்கு எழுதிடு. ஆகஸ்ட் வேண்டாம். எனக்கு அதுக்குத் தகுதி இல்ல. அவ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொன்னதா எழுதிடு” என்றார். இதை எழுதச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனவே அவர் சொன்னபடி எழுதுகிறேன்: ஆகஸ்டில் ரீஸ் ரெடிங்கிலேயே இருக்கட்டும். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

அம்மா உனக்குத் தன் ஆசியையும், சளி பிடிக்காமலிருக்கக் கம்பளிக் காலுறையையும் இத்துடன் அனுப்புகிறாள். பறவைகளுக்கு என் அன்பு.

உன் தங்கை,
நெரிஸ்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடித் தோட்டத்துக் கொட்டகைக்குப் போனேன். வண்டியின் பச்சைக் கித்தான் இப்போது பாதி சிவப்பு; மீதிப் பெயிண்ட் ரீஸின் மேல். கைப்பிடியில் ஒரு கயிறு. அதன் மறுமுனையை அப்பாவின் இடுப்பு வாரில் கட்டிக்கொண்டிருந்தான். எதற்கடா என்று கேட்டேன். “ஆகஸ்ட்ல கூட்டமா இருக்கும் சித்தி. தாத்தா மறுபடியும் தொலைஞ்சுட்டா?” என்றான். அப்பா கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றார். என்னைப் பார்த்து, முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். மேலே ரெடிங் என்று எழுதிய பத்தியை நீயே அடித்துவிடு, அக்கா. என் கையெல்லாம் பெயிண்ட்.