எதிரணிக்கு நான் கொடுத்த மூன்று ஆதாரங்கள்

பிள்ளைகளே, தன் தொழிலைப் பற்றிப் பேசத் தொடங்கிய மனிதனின் வாய்க்குப் பிரேக் கிடையாது. எனக்கு அது ஒரு வகுப்பறையில், என் மகளுக்கு முன்னாலேயே தெரியவந்தது.

நான் ஏறாவூரிலிருந்து தன்னாமுனை வரை பாண் ஓட்டோ, அதாவது ரொட்டி விற்கிற ஆட்டோ, ஓட்டுகிறவன். ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டால்தான் சனம் வாசலுக்கு வரும். பாட்டு நின்றால் பாண் வண்டிக்குள்ளேயே காய வேண்டியதுதான்.

மூத்த மகள் சிபானா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஊர் விஷயம் ஒன்றை விசாரித்து, ஆதாரத்தோடு வாதக் கட்டுரை எழுத அங்கே ஒரு மிஸ் பழக்கினார். அந்த முறை விஷயம், பாண் ஓட்டோப் பாட்டை நிறுத்த வேண்டுமா என்பது. சிறந்த கட்டுரை பிரதேச சபைக்குப் போகுமாம். பாட்டு வேண்டும் என்று எழுதியவள் என் மகள். நிறுத்து என்று எழுதியவள் தன்னாமுனைத் தர்சினி. (என்னிடம் சீனிப் பணிஸ் வாங்குகிற பிள்ளைதான். என்ன துரோகம்.)

சிபானா, "எல்லோருக்கும் பாட்டுப் பிடிக்கும்" என்று எழுதியிருந்தாள். "ஆரைக் கேட்டீங்க?" என்று மிஸ் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் என்னைச் சாட்சியாக அழைத்துப் போனாள்.

"வாப்பா, கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்க."

"நான் என்ன சின்னப் புள்ளயா?" என்றேன், மச்சானின் கல்யாணத்துக்குத் தைத்த சேட்டுக்குப் பொத்தான் பூட்டியபடி.

மகள் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகவே சொன்னேன். நடக்க ஏலாதவர்களுக்குப் பாண் வாசலுக்கே வருகிறது என்றேன். மிஸ் தலையாட்டினார். அதோடு வந்திருக்கலாம்.

தர்சினி எழும்பினாள்.

"அங்கிள், உங்கட பாட்டு எவ்வளவு தூரம் கேக்கும்?"

"வாவிக்கு நடுவுல கேக்கும், மகள். தோணியில நிண்டு கை காட்டுவாங்க." (ஒரே ஒருவர் காட்டினார். கடிக்கிற நுளம்பை விரட்டினாரோ தெரியாது.)

அவள் எழுதிக்கொண்டாள். "விடியக்காலையில ஆக்கள் நித்திரையா இருந்தா?"

"என்ட பாட்டுக்கு முழிக்காத ஆளே இல்ல. ஏணையில கிடக்கிற கைப்புள்ளயும் எழும்பிரும்."

வகுப்பு சிரித்தது. எனக்கு உற்சாகம் தலைக்கு ஏறிவிட்டது.

"சோதினைக்குப் படிக்கிற புள்ளைகள்?"

"புத்தகத்த மூடிப்போட்டு ஓடி வருவாங்க."

"நன்றி அங்கிள். எனக்கு மூணு ஆதாரமும் கிடைச்சிட்டு."

சிபானா மேசையில் முகத்தைக் கவிழ்த்துவிட்டாள். மிஸ் மட்டும் மகிழ்ச்சியாக, "எதிர்த் தரப்பைக் குறுக்கிடாம பேசவிட்டா என்ன கிடைக்கும் எண்டு பாத்தீங்களா?" என்றார்.

திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டேன். "இனிப் பாட்ட நிப்பாட்டிருவாங்களா, மகள்?"

"பொறுங்க வாப்பா. அவ கேட்டதும் ஞாயம்தானே."

அடுத்த நாட்களில் அவள் என் வண்டியிலேயே ஏறி, வாசல் வாசலாக விசாரித்தாள். தர்சினியின் மூன்று ஆதாரங்களையும் மறைக்காமல் முதலிலேயே எழுதினாள். பிறகு, பாட்டு இருக்கட்டும், சத்தம் பாதியாகட்டும், கைப்பிள்ளை உள்ள வீடுகளின் ஒழுங்கையில் மணி மட்டும் போதும் என்று முடித்தாள். அந்தக் கட்டுரைதான் சபைக்குப் போனது. சபையும் அப்படியே சொல்லிவிட்டது. பாட்டு தப்பியது.

இப்போது, கைப்பிள்ளை இருக்கிற தர்சினி வீட்டு ஒழுங்கையில் மணியைத்தான் தட்டுகிறேன். சீனிப் பணிஸ் குறையாமல் போகிறது.

வீட்டில்தான் எனக்கு விடுதலை இல்லை. வாவியில் தூண்டில் போட்டுப் பிடித்த மீன் இவ்வளவு நீளம் என்று கையை விரித்தால் போதும், குசினிக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வரும்.

"எழுதிக்கொள்ளுங்க புள்ளைகள், நாலாவது ஆதாரம்."