பினாங்கில் என்னைத் தொலைத்த விவரம்

திருவானைக்காவல்,
வியாழக்கிழமை.

என் உடன்பிறந்த தம்பி மருதைக்கு,

துறையூரில் நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க அகிலாண்டேஸ்வரியை வேண்டிக்கொண்டு அக்கா ராக்கம்மாள் எழுதுவது. நானும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும். கை வருகிறது, மனசு வரவில்லை. போனில் சொன்னால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று டிவி பார்த்துக்கொண்டே கேட்பாய். காகிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் படித்துத்தானே ஆகவேண்டும்.

முதலில் உன்னைத்தான் கேட்கிறேன். கப்பல் யோசனை யாருடையது? சிங்கப்பூரில் சிவனே என்று வேலை பார்த்துக்கொண்டிருந்த என் மகன் சித்தார்த்துக்குப் போன் போட்டு, "அம்மாவை ஒரு தடவை கப்பல்ல கூட்டிட்டுப் போ மாப்ள, மனசு மாறும்" என்று சொன்னது நீதானே? மனசு மாறும் என்றால் என்ன அர்த்தம்? உன் அத்தான் கண்ணை மூடியதிலிருந்து பதினெட்டு வருஷமாக நான் ஒருத்தியாக நடத்தும் மலைக்கோட்டைச் சேலைக்கடையை, நீ பேசி வைத்திருக்கும் ஆளுக்குக் கொடுத்துவிட்டு மூலையில் உட்காரச் சம்மதிப்பேன் என்று அர்த்தம். அது எனக்குப் புரியாது என்று நினைத்தாயா?

போனேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சம்பந்தி அனுசுயாவும் அவர் வீட்டுக்காரரும் என்னோடு விமானத்தில் வந்தார்கள். சிங்கப்பூரில் சித்தார்த்தும் மருமகள் அறிவுமதியும் சேர்ந்துகொள்ள, ஐந்து பேராகக் கப்பல் ஏறினோம். அதில் ஒரு வேலை கிடையாது. சாப்பிட்ட தட்டை எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள். படுக்கையில் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். நான் அதைப் பிரித்து ஒழுங்காக நாலாக மடித்து வைத்தேன். மறுநாள் குரங்கு மாதிரி மடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். இதற்குப் பெயர் ஓய்வாம்!

அதற்கும் மறுநாள் காலை பினாங்கில் கப்பல் நின்றது. ஒன்பது மணிக்கு இறங்கலாம், மாலை ஐந்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்றார்கள். ஐந்து பேருக்கு இரண்டு டாக்ஸி. நம்மவர்கள் கடை வைத்திருக்கும் தெரு ஒன்று இருக்கிறது. அங்கே காபி குடித்துவிட்டு மலை பார்க்கப் போவது என்று திட்டம். காபி குடித்துவிட்டு வெளியே வந்தால் எதிரே ஒரு சேலைக்கடை. உள்ளே கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஒரு கூட்டமே நிற்கிறது, பத்துப் பன்னிரண்டு பெண்கள். விற்க ஒரே ஒருத்தி. அவளும் சேலையின் உடம்பை மட்டும் விரித்துவிட்டு, முந்தானையைக் காட்டாமலே அடுத்த சேலைக்குப் போகிறாள். முந்தானையைக் காட்டாமல் உலகத்தில் யாராவது சேலை விற்பார்களா? அதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று இரண்டே நிமிஷம் உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு டாக்ஸியையும் காணோம். நான் சம்பந்தி வண்டியில் இருக்கிறேன் என்று சித்தார்த் நினைத்தானாம். சித்தார்த் வண்டியில் இருக்கிறேன் என்று சம்பந்தி நினைத்தாராம். அறுபத்திரண்டு வயது மனுஷி, எழுபது கிலோ இருக்கிறேன். நான் இல்லாதது கண்ணில் படாதா?

என் செல்போனோ கப்பலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. நடுத்தெருவில் நிற்காமல் மறுபடி அந்தக் கடைக்குள் போனேன். கடைக்காரி பெயர் லூர்துராணி. அந்த ஊர் வழக்கப்படி பேச்சில் ஒரு 'லா' சேர்த்துக்கொள்கிறாள்.

"எந்த ஊருக்கா நீங்க?" என்றாள்.

"திருச்சி. மலைக்கோட்டைல சேலைக்கடை வச்சிருக்கேன்."

"ஐயோ, எங்க அப்பாவுக்கும் திருச்சிதான், பாலக்கரை லா! இங்க வேலைக்கு வர்ற பொண்ணு இன்னிக்குப் பாத்து லீவு போட்டுட்டா. கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பிடிங்களேன்."

பிடித்தேன். வேறு என்ன செய்வது? கல்யாணப் பெண்ணின் அம்மா பச்சை வேண்டும் என்கிறாள், பெண் ரோஸ் வேண்டும் என்கிறாள், மாப்பிள்ளையின் அக்கா இரண்டுமே வேண்டாம் என்கிறாள். காலையிலிருந்து இதே சண்டையாம். நான் மூவரையும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மத்தியானம் வரைக்கும் எதையெதையோ விரித்துக் காட்டி, கடைசியில் மேல் தட்டிலிருந்து ஒரு அரக்கு நிறச் சேலையை இறக்கினேன். "கண்ணு, தோள்ல போட்டுக் கண்ணாடியைப் பாரு. பிடிக்கலைன்னா நானே மடிச்சு வச்சிடறேன்" என்றேன். அந்தப் பெண் பார்த்தாள். அதற்குப் பிறகு பச்சையைப் பற்றி யாரும் பேசவில்லை. அதை முடித்தால் சித்திக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்ற யாரோ ஒரு சீன அம்மாளுக்கு ஒன்று. கால் வலித்ததா என்று கேட்காதே. கப்பலில் நாற்காலியில் சாய்ந்திருந்தபோதுதான் வலித்தது.

இப்போதுதான் கொடுமையே வருகிறது. மத்தியானம் ஒரு மணிக்கு அந்தக் கடைக்குள் யார் நுழைகிறார் என்று நினைக்கிறாய்? சம்பந்தி அனுசுயா! ஒருத்தி காணாமல் போய் மூன்று மணி நேரம் ஆகிறது, இந்த அம்மாள் மேஜையில் கிடந்த மயில்கழுத்து நிறச் சேலையைக் கையில் எடுத்து, தலையைக்கூட நிமிர்த்தாமல், "இது சாயம் போகுமாங்க?" என்று என்னையே கேட்கிறார். "போகாதுங்க" என்றேன். "கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றார். "கட்டுப்படியாகாதுங்க" என்றேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார், மருதை! பெண் கொடுத்த இடம், ஆறு வருஷப் பழக்கம், என் முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஸ்ரீரங்கத்தில் இனி அவர் வீட்டு வாசலை நான் மிதிப்பதாக இல்லை.

நாலரை மணிக்கு லூர்துராணி கடையைச் சாத்திவிட்டுத் தன் காரிலேயே என்னைத் துறைமுகத்தில் கொண்டுவந்து விட்டாள். வாசலில் சித்தார்த் நிற்கிறான். என்னைப் பார்த்ததும், "எங்கம்மா போனீங்க?" என்று கத்துகிறான். தொலைத்தவன் கேட்கிறான்! சட்டையெல்லாம் வேர்வை, கண் சிவந்து கிடந்தது. ஊர் சுற்றிப் பார்த்தால் அப்படித்தான் ஆகும். பெற்ற தாயைத் தேடி அந்தத் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்திருப்பானா? ஒருத்தர், ஒரே ஒருத்தர் வரவில்லை.

ஆகவே என் முடிவு இதுதான். இனிமேல் கப்பல் கிடையாது, ஓய்வு கிடையாது. திங்கட்கிழமை உன்னைப் பார்க்க வரும் அந்த ஆளிடம், கடையைக் கொடுப்பதாக இல்லை என்று நீயே சொல்லிவிடு. சித்தார்த் என் பேச்சைக் கேட்கமாட்டான், தாய்மாமன் சொன்னால் கேட்பான். இந்தக் கடிதத்தை அவனுக்குப் போனில் சத்தமாகப் படித்துக் காட்டு.

உன் வீட்டுக்காரிக்கு இடுப்பு வலி தீரட்டும், பிள்ளைகள் நல்ல மார்க்கு வாங்கட்டும். உனக்கு மட்டும் இப்போதைக்கு ஆசீர்வாதம் இல்லை. கோபம் தணிந்ததும் தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அக்கா ராக்கம்மாள்

பி.கு.: இதிலிருந்து சித்தார்த்துக்குப் படிக்காதே. அனுசுயா சேலை வாங்க வரவில்லை. என்னைத் தேடிக்கொண்டுதான் ஓடிவந்தார். பார்த்ததும், "சம்பந்தி!" என்று அழுதே விட்டார். நான்தான் கையைப் பிடித்து, "அரை மணி நேரம் கொடுங்க சம்பந்தி, இதை முடிச்சிட்டு வந்துடறேன்" என்று மயில்கழுத்துச் சேலையை அவர் கையில் திணித்தேன். அப்போது பார்த்து சித்தார்த் வாசலில் வந்து, "அத்தை, அம்மா இங்க வந்தாங்களா?" என்கிறான். நான் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். "இங்க வரலையே மாப்பிள்ளை, கோயில் பக்கம் பாருங்க" என்று அனுசுயா முகம் மாறாமல் சொன்னார். அப்புறம் நாலு மணி வரைக்கும் என் பக்கத்தில் நின்று சேலை மடித்துக் கொடுத்தார், நன்றாகவே மடிக்கிறார். சித்தார்த் அந்த வெயிலில், "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு எழுந்துவிடத்தான் தோன்றியது. ஆனால் கல்யாணப் பெண் அரக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் எழுந்திருக்க முடியுமா, நீயே சொல்.