தார்ப்பாய் போர்த்திய கதவு

உறை பிரிக்காதவர் என்றோர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. பார்ப்பதற்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். காசு கொடுத்து வாங்கிய பொருளை விட்டுவிட்டு, கடைக்காரர் சும்மா கொடுத்த உறையைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுவார். மெத்தை வாங்கினால் பாலித்தீன் தாளோடுதான் படுப்பார். புரண்டு படுத்தால் வீடே சரசரக்கும். தூக்கம் போனால் என்ன? மெத்தை புதிதாக இருக்கிறதே!

கச்சிராயபாளையத்துக் காசிநாதன் இந்த இனத்தில் மூத்தவர். கரும்பு விவசாயி. போன ஆவணியில் புது வீட்டுக்குப் பூச்சு வேலை முடித்து, தேக்கில் இரட்டைக் கதவு செய்து தலைவாசலில் மாட்டினார். ஊரில் எல்லாரும் கதவில் லட்சுமியைச் செதுக்கச் சொல்ல, அவர் மனைவி செந்தமிழ்ச்செல்வி கரும்புத் தோகையைச் செதுக்கச் சொன்னார். பழைய ஓட்டு வீட்டு நிலைப்படியில் இருபத்திரண்டு வருஷம் குனிந்து குனிந்து நுழைந்தவர் அவர். புது வீட்டுக்குள் தலை நிமிர்ந்து நுழைய வேண்டும், அதுவும் இந்தக் கதவு வழியாக நுழைய வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

கதவு செய்த கொளஞ்சியப்பன் ஆசாரி போகும்போது படித்துப் படித்துச் சொன்னார்.

"ஐப்பசி மழைக்கு முன்னாடி ரெண்டு கோட்டு வார்னிஷ் அடிச்சிடுங்க. மேல் விளிம்பு, அடி விளிம்பு எதையும் வுட்டுடாதீங்க. மரம் அங்கதான் தண்ணி குடிக்கும்."

"இப்பவே அடிச்சா தூசி ஒட்டிக்கும் ஆசாரி. கரன்ட்டு வேலை, பெயின்ட்டு வேலை எல்லாம் பாக்கி இருக்குது. நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். கதவுக்கு முதலில் பாலித்தீன் தாள் சுற்றி, அதன்மேல் நீலத் தார்ப்பாய் போர்த்தி, பதினொரு முடிச்சுப் போட்டுக் கட்டினார். ஒவ்வொரு மழைக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்து தார்ப்பாயைத் தடவிப் பார்த்து, கிழிசல் இல்லை என்று நிம்மதியாகப் போனார். உள்ளே பார்த்தாரா? பிரித்தால் ஈரக்காற்று புகுந்துவிடாதா? உறவினர்கள் வந்தால், "இதுக்குள்ள தேக்கு இருக்குது" என்று காட்டுவார். அவர்களும் தார்ப்பாயைப் பார்த்து, "நல்லா வந்திருக்குது" என்பார்கள். இதற்கிடையில் நிலையின் மேல்பக்கமாகக் கசிந்த மழைத்தண்ணீர் தாளுக்குள் இறங்கி, வெளியே போக வழி தெரியாமல் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அங்கேயே குடியிருந்தது.

தை மாதம் புதுமனை புகுவிழா. காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். முடிச்சுகளை அவிழ்க்கவே அரைமணி நேரம் ஆனது. தாளை உரித்ததும் பூசண வாடை குப்பென்று அடித்தது. கரும்புத் தோகை முழுக்கக் கருத்திருந்தது. இரண்டு கதவும் உப்பி, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நின்றன. பசுமாடும் கன்றும் வாசலில் காத்திருந்தன. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். செல்வி நிறைகுடத்தோடு நின்றார். நாலு ஆள் சேர்ந்து தோள் கொடுத்துத் தள்ளினார்கள். அந்த நேரத்திலும் காசிநாதன் கவலை வேறு.

"மெதுவாப்பா! கீறல் வுழுந்துடப் போவுது!"

மணி ஏழு இருபது. வேறு வழி? பசுமாடு பின்பக்கச் சமையல்கட்டு வாசல் வழியாகப் புது வீட்டில் பிரவேசித்தது. கன்று போனது. ஐயர் போனார். அந்த வாசலுக்கு முன்னால் தாழ்வாக இறக்கியிருந்த தகரக் கொட்டகைக்குத் தலையைக் குனிந்து, குடம் தளும்பாமல், செல்வியும் போனார். அவர் கண் கலங்கியிருந்தது. ஹோமப் புகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

கொளஞ்சியப்பன் ஆசாரி கதவைக் கழற்றி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தி, இழைத்து, கருத்த இடங்களைச் சுரண்டி, ஒரு விளிம்பு விடாமல் வார்னிஷ் அடித்துத் திரும்ப மாட்டினார். கதவு பளபளவென்று நின்றது. வார்னிஷ் காய்ந்த அன்று காலை காசிநாதன் தார்ப்பாயும் கயிறுமாக வந்தார். செல்வி வாசலில் நின்றிருந்தார்.

"இன்னாங்க அது?"

"வெயில் காலம் வருது இல்ல, வெளுத்துடும். கொஞ்ச நாளைக்குப் பின்பக்கமாவே போய்க்கினு வருவோம்."

"எவ்ளோ நாளைக்கு?"

"கதவு பழசாவாம இருக்கணும் இல்ல?"

"நான் பழசாயிக்கினே இருக்கறேங்க. அது புதுசா இருக்கறப்பவே ஒரு தபா அது வழியா போறேன், வுடுங்க."

இரண்டு கதவையும் விரியத் திறந்து, தலை நிமிர்ந்து உள்ளே போனார். வெளியே வந்தார். ஒருமுறை போதவில்லை போலிருக்கிறது, மறுபடியும் போனார். காசிநாதன் மடித்த தார்ப்பாயைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றார். அன்றைக்கு அது டிராக்டருக்குப் போர்வையாகப் போனது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அப்படியே எழுந்து போய் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடித் தம்ளர் செட்டு ஒன்று, யாராவது பெரிய மனிதர் வந்தால் எடுக்கலாம் என்று அட்டைப் பெட்டியோடு இருக்குமே? அதில் உங்கள் வீட்டார் இதுவரை ஒரு வாய்த் தண்ணீராவது குடித்ததுண்டா?