ஒருமனதாகக் குணமான கண்கள்

மருந்தால் நோய் தீர்த்த நாடுகள் உண்டு. கத்தியால் தீர்த்த நாடுகள் உண்டு. பிரார்த்தனையால் தீர்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் நாடுகளும் உண்டு. ஆனால், கூட்டம் போட்டே நோய் தீர்த்த பெருமை நெதர்லாந்தின் வடகிழக்கு மூலையில், ஜெர்மனி எல்லையை ஒட்டியிருக்கும் ஓஸ்டர்சைல் வட்டார மருத்துவமனைக்கு மட்டுமே உரியது. ஒரு சொட்டு மருந்துகூடச் செலவாகவில்லை. காபிதான் சில குடுவைகள் செலவாயிற்று. ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள். இரண்டாவது பிஸ்கட்டுக்கு யாரும் கை நீட்டிவிடக் கூடாதே என்று டப்பாவை உடனே மூடிவிட்டார்கள்.

இந்த மகத்தான சாதனையின் நடுநாயகம் வுப்போ. அவர் மருத்துவர் அல்லர், மருத்துவருக்கும் மேலே. காத்திருப்போர் பட்டியலின் தலைவர். யாருடைய முழங்கால் எந்த மாதம் வரை வலிக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இருந்தது. அதை அவர் ஒருநாளும் துஷ்பிரயோகம் செய்ததில்லை. எல்லோரையும் சமமாகவே காக்க வைத்தார்.

அந்த ஆண்டு மருத்துவமனை ஒரு செயற்கை நுண்ணறிவு இயந்திரம் வாங்கியது. அது விழித்திரையைப் படம் பிடிக்கும். பார்வை நரம்பு புறப்படும் இடத்தை அந்தப் படத்தில் ஆராய்ந்து, நரம்பு எவ்வளவு நலிந்திருக்கிறது என்று நூற்றுக்கு ஓர் எண் சொல்லும். நாற்பதைத் தாண்டினால் சிவப்பு விளக்கு. கண் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். தாண்டாவிட்டால் பச்சை, வீட்டுக்குப் போகலாம். யார் முகத்துக்காகவும் எண்ணைக் கூட்டாது, குறைக்காது. இந்தக் குணத்தை எல்லோரும் மிகவும் பாராட்டினார்கள். தொடக்கத்தில்.

திறப்பு விழாவில், வலிக்காது என்று மக்களுக்குக் காட்டுவதற்காக வுப்போவே முதலில் மோவாயை அதன் மேல் வைத்தார். வலது கண், பச்சை. கைதட்டல். இடது கண், அறுபத்துமூன்று. சிவப்பு. தட்டிய கைகள் பாதியில் நின்றன.

"விளக்கு ஏதாவது கெட்டுப் போச்சா?" என்றார் வுப்போ.

"விளக்கு நல்லாத்தான் இருக்கு. உன் நரம்புதான் கெட்டுக்கிட்டு வருது" என்றார் கண் மருத்துவர் ஃபெம்கே. அந்த ஊரில் உண்மையை முகத்துக்கு நேரே உடைப்பதற்குப் பெயர் அன்பு. "கண் அழுத்த நோய். செத்த நரம்பு திரும்ப முளைக்காது, வுப்போ. மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்தணும்னா சீக்கிரம் சொட்டு மருந்து ஆரம்பிக்கணும். இல்லேன்னா அந்தக் கண்ணை மறந்துடு."

"அப்போ நாளைக்கே வர்றேன்."

"நாளைக்கா? பட்டியல்ல பேரைக் குடு. பதினோரு மாசம் ஆகும்."

"பதினோரு மாசமா! எந்த மடையன் போட்ட பட்டியல் அது?"

ஃபெம்கே, வுப்போவின் கழுத்தில் தொங்கிய 'பட்டியல் தலைவர்' அடையாள அட்டையைப் பார்த்தார்.

வுப்போ நேர்மையானவர். வரிசையில் முந்துவது அவர் ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம். கொலைக்காவது சில சமயம் காரணம் இருக்கும். தம் பெயரைக் கடைசியில் தாமே எழுதிக்கொண்டு காத்திருந்தார். ஃபெம்கேயும் பின்வாசல் வழியாக வா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருவரும் ஒருவரையொருவர் ஆயுளுக்கும் மன்னித்திருக்க மாட்டார்கள்.

இயந்திரம் நேரம் காலம் பார்க்காமல் உழைத்தது. விவசாயிகள், ஆசிரியைகள், பாதிரியார் என்று சிவப்பு விளக்குகள் பெருகின. பதினோரு மாதம் பத்தொன்பது மாதம் ஆயிற்று. இயக்குநர் அலெய்டா கவலைகொண்டு, 'சிவப்பு விளக்குகளின் வரவேற்கத்தகாத வளர்ச்சி' என்ற பொருளில் கூட்டம் கூட்டினார்.

"இன்னொரு கண் மருத்துவரை வேலைக்கு எடுக்கலாமே" என்றார் ஃபெம்கே.

"அருமையான யோசனை. குறிச்சு வெச்சுக்கறோம். வேற?"

இயந்திரத்தைப் பராமரிக்கும் இளைஞர் யோரன் தொண்டையைச் செருமினார். "நாற்பதுங்கறது என்ன, வேதத்துல எழுதியிருக்கா? அதை எண்பதா மாத்திட்டா வரிசையே இருக்காது. ஒரு நிமிஷ வேலை."

"அப்போ நோய்?" என்றார் ஃபெம்கே.

"நோய் இருக்கும். பட்டியல்ல இருக்காது."

இந்தக் கருத்தின் ஆழத்தை வியந்து, அலெய்டா அதைக் குறிப்பேட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

"இது சுத்தப் பைத்தியக்காரத்தனம்" என்றார் ஃபெம்கே.

"ரொம்ப நன்றி, ஃபெம்கே" என்றார் அலெய்டா கனிவாக. "இங்கே எல்லாரோட குரலும் முக்கியம். உன் ஆட்சேபணையைப் பின்னிணைப்புல சேர்த்துடறோம். சாய்வெழுத்துல போடட்டுமா?"

வெளியே ஃபெம்கேக்காக ஒரு கூடம் நிறைய நோயாளிகள் காத்திருந்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "தடித்த எழுத்து" என்று சொல்லிவிட்டு எழுந்தார். இவ்வாறு அவரும் ஒருமித்த கருத்தில் இணைந்தார்.

வுப்போவின் நிலைதான் சங்கடம். இருபது ஆண்டுகளாகக் கனவு கண்ட காலிப் பட்டியல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இடது கண்ணோ உள்ளே இருந்துகொண்டு வேண்டாம் வேண்டாம் என்றது.

"ஒரு விஷயம் சொல்லியாகணும்" என்றார். "என் எண் அறுபத்துமூணு. இதுல எனக்குச் சொந்தச் சம்பந்தம் இருக்கு."

அலெய்டா நெகிழ்ந்துபோனார். "என்ன நேர்மைப்பா உனக்கு! அப்போ உன்னையே கேக்கறோம். உன் கண்ணு சிவப்பா இருந்தா உனக்கு நிம்மதியா, பச்சையா இருந்தா நிம்மதியா?"

இப்படி ஒருவரும் அவரை அதுவரை கேட்டதில்லை. வுப்போ உண்மையைச் சொன்னார். "பச்சையா இருந்தாத்தான்."

"அப்போ சரி. நாற்பது ரொம்பக் கம்மி, எண்பது ரொம்ப ஜாஸ்தி. வுப்போவுக்காக அறுபத்தஞ்சு. யாருக்கும் மனவருத்தம் இல்லையே?"

யாருக்கும் இல்லை. யோரன் விசையைத் தட்டினார். இயந்திரத்துக்கும் இல்லை.

அந்தப் பிற்பகலிலேயே நானூறு பேர் குணமானார்கள். சிலர் மாடு கறந்துகொண்டிருந்தபோது குணமானார்கள். சிலர் தூக்கத்தில். தாங்கள் குணமானதைச் சிலர் அடுத்த வாரம்தான் அறிந்தார்கள்.

அந்த ஊர் வழக்கப்படி, நல்லது யாருக்கு நடந்ததோ அவர்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்க வேண்டும். வுப்போ மறுநாள் ஒரு பெட்டி நிறைய கிரீம் கேக் வாங்கிவந்து, மருத்துவமனையில் வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் தம் கையால் பரிமாறினார்.

"எனக்கு?" என்றது ஒரு குரல்.

"யாரது?"

"நான்தான், ஃபெம்கே. உன் இடது பக்கத்துல. முதல்லேர்ந்தே இங்கதான் உட்கார்ந்திருக்கேன்."

வுப்போ தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தார். ஃபெம்கே அங்கேதான் இருந்தார். "பச்சை விளக்கு எரிஞ்சுதே" என்றார் மெதுவாக.

"எரிஞ்சுது. அந்த வெளிச்சத்துலயே இனிமே என்னைத் தேடிக்கோ."

சனிக்கிழமை காலை, எல்லைக்கு அப்பால் பெட்ரோல் மலிவு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வுப்போ காரை எடுத்தார். பெட்ரோலும் போட்டார். பிறகு அங்கே ஒரு சிறிய கண் மருத்துவமனையில், சொந்தப் பணத்தைக் கட்டி உட்கார்ந்தார். மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். முதல் சொட்டை விட வந்தார் செவிலி ஆல்பெர்ஸ் அம்மாள். எல்லைப்புறத்துக் கொச்சை மொழி இருவருக்கும் பொது.

"ஓஸ்டர்சைல்லேர்ந்தா வர்றீங்க? அங்க ரொம்பக் கெட்டிக்கார இயந்திரம் ஒண்ணு வாங்கியிருக்காங்களாமே! அது கண்டுபிடிக்கலையா?"

"ஏன் கண்டுபிடிக்காம? முதல் நாளே சரியாச் சொல்லிடுச்சும்மா. அப்புறம் நாங்க எல்லாரும் உட்கார்ந்து பேசி, அதை வழிக்குக் கொண்டுவந்தோம். என்னையும் சேர்த்து நானூறு பேருக்கு ஒரே நாள்ல பச்சை."

"எல்லாரும் உட்கார்ந்தா?"

"எல்லாரும்தான். ஒருத்தரையும் விடாமக் கேட்டுத்தான் எங்க ஊர்ல எதையும் முடிவு பண்ணுவோம்." அந்த நிலையிலும் அவர் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது.

"நல்ல பழக்கம். தலையை நல்லா அண்ணாந்துக்கோங்க. அப்போ அந்த நானூறு பேரும் என்ன சொன்னாங்க?"

சொட்டு விழுந்தது. எரிந்தது. வுப்போ கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அவங்களைக் கூப்பிட்டிருந்தா ஒருமித்த முடிவு வந்திருக்காதேம்மா."