கூரையில் ஓட்டை கேட்ட தாதா

கல்கத்தாவில் புது வண்டி வந்தால் மாலை போடுவார்கள், எலுமிச்சம்பழம் கட்டுவார்கள். கூரையில் ஓட்டை போட்டுக் கொடு என்று அடம்பிடித்த ஒரே ஆள் எங்கள் காளிகாட் சந்துத் தபால்காரர்தான். அன்றிலிருந்து அவர் ஓட்டை தாதா; தாதா என்றால் இந்த ஊரில் அண்ணன். பெயர் வைத்தது யார் என்று கேட்காதீர்கள், நானேதான்.

எங்கள் சந்தில் தபாலுக்காக யாரும் மாடி இறங்குவதில்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் பை இறங்கும். காய்காரர் காய் போடுவார், தாதா தபால் போடுவார். நான் இரண்டாம் மாடி. என்னை மாஷிமா என்பார், நம்ம ஊர் சித்தி மாதிரி. என்னிடம் திட்டு வாங்கியே தமிழ் கற்றுக்கொண்டவர். ஒருமுறை இலிஷ் மீனையும் தபாலையும் ஒரே பையில் கொண்டுவந்தார். என் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை ஒரு வாரம் மொட்டை மாடியில் காய்ந்தது.

அப்புறம் அவர் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பேட்டரி வண்டி வருகிறது, உட்கார்ந்தபடியே தபால் கொடுக்க முடிந்தால் தெருவில் இருக்கலாம், இல்லாவிட்டால் ஆபீசுக்குள் முத்திரை குத்த வேண்டியதுதான் என்று தபால் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பேச ஆளில்லாமல் நாள் முழுக்க ஒரே நாற்காலி. தாதாவுக்கு அது ஜெயில்.

வண்டி எப்படி இருக்கவேண்டும் என்று கேட்க சால்ட் லேக்கிலிருந்து ஒரு என்ஜினீயர் பாபு வந்தார். மீன் பைக்குத் தனிக் கொக்கி கேட்டார் தாதா. சங்கு ஊதுகிற மாதிரி ஹாரன் கேட்டார். கடைசியில் ஓட்டை.

"மழை பேஞ்சா?" என்றார் பாபு.

"நனையப் போறது நான்தானே. உங்களுக்கு என்ன?"

வண்டி வந்தது, ஓட்டை இல்லாமல்.

சோதனைக்குப் பாபுவே கூட வந்தார். சந்தில் நுழைந்ததும் இரண்டு பக்கமும் சுவர் முட்ட, பக்கக் கதவு திறக்கவில்லை. தாதா ஹாரனை அழுத்தினார். எல்லா மாடியிலிருந்தும் பைகள் இறங்கி, கூரைமேல் தொப் தொப்பென்று உட்கார்ந்தன. தாதா கையைக் கட்டிக்கொண்டு உற்சவமூர்த்தி மாதிரி உள்ளே இருந்தார். பாபு பின்கதவு வழியாக இறங்கி, தபாலை வாயில் கவ்விக்கொண்டு கூரைமேல் ஏறினார்.

நான் சும்மா இருப்பேனா? "தாதா, இந்தப் பாபு நன்னா இருக்கார். நாளையிலேருந்து இவரையே அனுப்பிடுங்கோ."

"வேணாம் மாஷிமா," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இவருக்கு ஏறத்தான் தெரியும். இறங்கத் தெரியாது."

அடுத்த மாதம் ஓட்டை வந்தது, இட்லிப் பானை மாதிரி மூடியோடு. தாதா தெருவிலேயே தங்கினார்.

முதல் மழையிலேயே மூடி ஒழுகியது, நேராக அவர் தலையில். ஆபீசில் சொன்னால் ஓட்டையை அடைத்துவிடுவார்களே, அதனால் அவர் வாயைத் திறக்கவில்லை. சந்தும் திறக்கவில்லை. இப்போது குடைக் காம்பைச் சட்டைக் காலருக்குள் செருகிக்கொண்டு, வண்டிக்குள்ளேயே குடை பிடித்து ஓட்டுகிறார்.

மழை நாளில் என் பை வெறுமையாக இறங்குவதில்லை. உள்ளே காய்ந்த துண்டு ஒன்று இருக்கும். இதுவரை ஒன்றுகூடத் திரும்பி மேலே வந்ததில்லை. நானும் கடைக்குப் போனால் இரண்டு துண்டு சேர்த்தே வாங்கி வருகிறேன்.