மோரில் ஊறிய வெள்ளி

நான் முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நாலாவது பத்தியில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். எனக்கு அந்தப் பெருமையும் மிஞ்சாது. அதிலும் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முட்டாள். சாதாரண முட்டாள் ஒரு தப்பைச் செய்தால் செய்ததோடு போயிற்று. என்னைப் போன்றவர்கள் செய்துகொண்டே விளக்கமும் கொடுப்போம்.

பிஸ்கட்டவே என்ற அமெரிக்க ஊரில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. வெள்ளி நானோ துகள் தயாரிப்பது. கண்ணுக்கே தெரியாத வெள்ளித் தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; காயத்துக்குக் கட்டும் துணியில் அதை ஏற்றினால் கிருமி அண்டாது. வழக்கமாக இதற்குக் காட்டமான ரசாயனங்கள் வேண்டும். வேலை முடிந்ததும் அவற்றை எங்கே கொட்டுவது என்பது தனித் தலைவலி. அதெல்லாம் வேண்டாம், வெள்ளி நைட்ரேட் கரைசலில் வாழை நாரைப் போட்டுச் சூடாக்கினால் நாரே அந்த வேலையைச் செய்துவிடும் என்பது என் கட்சி. தண்ணீர் மாதிரி இருக்கும் கரைசல் அரை மணி நேரத்தில் மஞ்சளாகி, பிறகு நல்ல டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிடும். நாரிலேயே வெள்ளி ஒட்டிக்கொண்டும் விடும்.

அந்த மாதத்தோடு என் கான்ட்ராக்ட் முடிகிறது. கான்ட்ராக்ட் போனால் விசாவும் போச்சு. மருத்துவத் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வருவதாகவும், அவர்கள் கண்முன்னால் நிறம் மாறிவிட்டால் என் வேலை நீடிக்கும் என்றும் என் மேலாளர் டெப்ரா சொன்னார். மாறாவிட்டால் என்ன என்பதை மிக மென்மையாகச் சொன்னார்.

லேப் மேசை டிராயரில், விலைக்கு வாங்கி, வாலைவடி நீரில் மூன்று தடவை அலசி, காயவைத்த நார் பாக்கெட் பாக்கெட்டாக இருந்தது. மூளையுள்ளவன் அதை எடுத்து வேலையை முடித்திருப்பான். (இந்த இடத்தில் முதல் வாக்கியத்தை இன்னொரு தடவை படித்துக்கொள்ளவும்.) டெமோவுக்கு முதல் நாள் மாலை என் மனைவி கவிதா, ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் வாங்கி வந்த வாழைத்தண்டை நறுக்கிப் பெரிய பாத்திரத்தில் ஊறப்போட்டிருந்தாள். மத்தை விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினாள். வெள்ளை வெளேரென்று நார் மத்தில் சுற்றிக்கொண்டு வந்தது. அதை உருவிக் குப்பையில் போடப் போனாள். எனக்குள் ஒரு நாடகக்காரன் விழித்துக்கொண்டான்.

"கவி, அதைப் போடாத. நாளைக்கு டெமோல யூஸ் பண்றேன். 'இது எங்க வீட்டு கிச்சன் வேஸ்ட்'னு சொன்னா எப்படி இருக்கும்?"

"லேப்ல நார் இல்லையா?"

"இருக்கு. அதுல கதை இல்லையே."

"கதை சொல்லவா சம்பளம் தராங்க?" என்று கேட்டபடி மத்தை என் கையில் கொடுத்துவிட்டாள்.

நாரைக் குழாயடியில் ஒரு தடவை, அரிசி களைகிற பாவனையில் அலசி, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை வந்திருந்த இருவரில் ஒருவர் கண்ணாடி போட்ட பெண்மணி, இன்னொருவர் பேசாமல் குறிப்பெடுக்கும் ஆசாமி. டெப்ரா கைகட்டி நின்றார். இயற்கை, எளிமை, எங்கள் சமையலறை என்று பத்து நிமிடம் பிளந்து கட்டினேன். பெண்மணி முகம் மலர்ந்து தலையாட்டினார். அந்த உற்சாகத்தில், "இனி நிறத்தைப் பாருங்கள்" என்று கரைசலில் நாரை இறக்கினேன்.

அரை மணி நேரமெல்லாம் ஆகவில்லை. அடுத்த நொடியே கரைசல் வெள்ளையாகக் கலங்கி, கட்டி கட்டியாகத் திரண்டு, திரிந்த பால் மாதிரி அடியில் உட்கார்ந்தது.

"இது ஒரு இடைநிலை," என்றேன். (அப்படி ஒரு நிலை உலகத்தில் எங்கேயும் கிடையாது.) "சூடாக்கினால் சரியாகிவிடும்."

சூடாக்கினேன். சரியாகவில்லை. ஒரு வாசனை மட்டும் கிளம்பியது. குறிப்பெடுக்கும் ஆசாமி அன்று முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இது தயிர் வாசனையா?"

ஜன்னல் வெளிச்சம் பட்டு வெள்ளைக் கட்டிகள் மெல்ல ஊதா கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறின. "பாருங்கள், நிறம் மாறுகிறது," என்றேன். யாரும் பார்க்கவில்லை. டெப்ரா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடம் என்று சொல்லி வராந்தாவுக்கு ஓடிப் போன் போட்டேன்.

"கவி, நேத்து அந்தத் தண்டை எதுல போட்டு வெச்சிருந்த?"

"மோர்லதான். இல்லாட்டி கறுத்துப் போயிடுமே."

"வெறும் மோரா?"

"உப்புப் போட்ட மோர். ஏங்க, என்ன ஆச்சு?"

"கரைசல் பூரா வெள்ளையா, கட்டியா..."

"தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு," என்றாள், மனப்பாடமாக. "குளோரைடு. ப்ளஸ் டூ ப்ராக்டிகல்ல சில்வர் நைட்ரேட் ஊத்தி உப்பு கண்டுபிடிப்போமே. மறந்துட்டீங்களா?"

சாஃப்ட்வேர் டெஸ்டர். பன்னிரண்டாம் வகுப்போடு வேதியியலைக் கைகழுவியவள். நான் அதற்குப் பிறகும் பதினோரு வருடம் அதையேதான் படித்தேன்.

உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். வேறு வழியில்லை, வாசனை ஏற்கெனவே பாதி சொல்லியிருந்தது. பெண்மணி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். டெப்ரா சிரிக்கவில்லை. விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு, "நடந்ததை எழுதிக் கொடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து அந்த இருவரும் திரும்ப வந்ததும், டிராயரில் இருந்த நார் ஒழுங்காக டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறியதும், கான்ட்ராக்ட் நீண்டதும் கம்பெனி ஃபைலில் இருக்கின்றன. ஆனால் எங்கள் வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லும் கவிதா, அந்தப் பகுதிக்குப் போவதே இல்லை. டெமோ நடந்த அன்று சாயங்காலத்தோடு கதையை நிறுத்திவிடுவாள்.

அன்று நான் டெப்ராவுக்கு மூன்று பக்கம் மெயில் எழுதினேன். தென்னிந்தியச் சமையலில் மோரின் பங்கு, உப்பில் உள்ள குளோரைடு, என் மனைவி போனில் பத்து நொடியில் காரணத்தைக் கண்டுபிடித்தது, என் ஆழ்ந்த வருத்தம் எல்லாம் அதில் இருந்தன. அனுப்பிவிட்டுச் சோபாவில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வந்தது. ஒரே வரி: 'உன் மனைவி வேலை தேடுகிறாரா?'

இது ஜோக்கா, சீட்டுக் கிழிப்பா என்று எனக்குப் புரியவில்லை. போனைக் கவிதாவிடம் நீட்டினேன்.

"என்னனு பதில் போடறது?"

வாழைத்தண்டுக் கூட்டைக் கிளறிக்கொண்டே படித்துப் பார்த்தாள்.

"வரேன்னு போடுங்க."