முட்டை வார விழாவில் முதல் பரிசு பெற்ற லசான்யா

மனிதன் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். மூன்றாவதாக, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலாம் வருஷம் புரட்டாசி மாசம், எங்கள் வட்டாரத்துப் பஞ்சாயத்து யூனியன் முட்டையைக் கண்டுபிடித்தது. அதற்கு முன்னாலும் கோழிகள் எதையோ இட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அதற்கு உத்தரவு எண் கிடையாது. ஜனங்களும் 'ஊட்டச்சத்து' என்றால் இன்னதென்று தெரியாமல், ராகிக் களியைத் தின்றுவிட்டு முப்பது முழக் கிணற்றைக் கையாலேயே வெட்டிக்கொண்டு, அறியாமையில் கிடந்தார்கள்.

இப்படிப்பட்ட இருட்டில், திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே வேலங்காட்டில் குடியிருந்தவள் செல்லியம்மாள். புருஷன் சின்னுசாமி. ரெண்டு ஏக்கர் கடலைக்காடு. ஐந்து வயசில் பாவாயி என்று ஒரே பெண். யூனியன் ஆபீசு செல்லியம்மாளை மாதர் சங்கத்தில் சேர்த்து, பத்து வெள்ளைச் சீமைக்கோழிகளைக் கொடுத்திருந்தது. சந்தைக்கு முட்டை போனது. வீட்டுக்கு உப்பு புளி வந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. பாவாயிக்கு முட்டை சேராது.

ரெண்டு வயசில் ஒரே ஒரு வாய் ஊட்டினாள். அவ்வளவுதான். பிள்ளைக்கு உதடு தடித்து, கண் மூடிக்கொண்டு, தொண்டைக்குள் மூச்சு சீழ்க்கை அடித்தது. பிழைத்தது பெரும் பாடு. அன்றிலிருந்து செல்லியம்மாள் முட்டை தொட்ட கையைக் கழுவாமல் பிள்ளையைத் தூக்குவதில்லை.

இந்தச் சின்ன விஷயத்தை அரசாங்கத்தால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏற்றுக்கொள்ளக் கூடாது என்றில்லை. அதற்கு இடம் இல்லை. கிராம சேவிகா ஜெபமலர் கொண்டுவந்த அச்சுப் படிவத்தில், 'குழந்தை முட்டை உண்ணாமைக்குக் காரணம்' என்ற கேள்விக்கு ரெண்டே கட்டம்தான் போட்டிருந்தது. ஒன்று, அறியாமை. இன்னொன்று, மூடநம்பிக்கை.

"இதுல உங்களுக்கு எது வேணும்க்கா?" என்று கேட்டாள் ஜெபமலர். சேலத்துப் பெண். வேலைக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது.

"ரெண்டும் வேண்டாமுங்க சேவிகாம்மா. புள்ளைக்கு ஒடம்பு வீங்குதுன்னு எழுதுங்க."

"அப்படி எழுத இடமில்லக்கா. மூடநம்பிக்கைன்னே போட்டுக்கவா? அறியாமைன்னா மூணு நாள் வகுப்புக்கு வரணும்."

கடலை பிடுங்குகிற நேரம். செல்லியம்மாள் மூடநம்பிக்கையையே எடுத்துக்கொண்டாள்.

பிறகு 'முட்டை வார விழா' வந்தது. எங்கள் பக்கத்தில் புரட்டாசிச் சனிக்கிழமை வீட்டுக்குள் முட்டை வராது. ஆகவே பெரியவர்கள் கூடி, நன்றாக யோசித்து, புரட்டாசிச் சனிக்கிழமையையே விழாவுக்குக் குறித்தார்கள். சிறப்பு விருந்தாளி இத்தாலி தேசத்து அம்மையார் ஒருவர். பிள்ளைகள் என்ன சாப்பிட வேண்டும் என்று படித்தவராம். அவர் மனம் குளிர வேண்டாமா? அவர் ஊர்ப் பலகாரமாகிய 'லசான்யா'வைச் சமைக்கும் போட்டி ஒன்று ஏற்பாடாயிற்று. விரிவாக்க அலுவலர் அர்த்தநாரி செய்முறையைத் தமிழில் டைப் அடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தார். ஆறு முட்டை யூனியன் தரும். ஓடுகளை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். போட்டியாளரின் குழந்தை அதை மேடையில் உண்டு காட்ட வேண்டும். கலந்துகொள்ளாத வீட்டுக் கோழிகள் திரும்பப் பெறப்படும். காய்ச்சல் கண்டவர்களுக்கு விலக்கு.

பதினேழு பேர் பெயர் கொடுத்தார்கள். சனிக்கிழமை என்று தெரிந்ததும் பதினாறு பேருக்கு ஒரே நாளில் காய்ச்சல் கண்டது. காய்ச்சலுக்குக் கட்டம் இருந்ததல்லவா.

"நீங்களும் படுத்துக்கிட்டா என் வேலை போயிரும்க்கா," என்று ஜெபமலர் வந்து நின்றாள்.

"வேலைக்காவ எம்புள்ளையக் கொல்லச் சொல்றீங்களா?"

ஜெபமலர் வாசலை ஒரு தரம் பார்த்தாள். திருட்டுக்குத் துணை கூப்பிடுகிறவள் மாதிரி குரலைத் தாழ்த்தினாள். "முட்டை இல்லாமயே பண்ணிருவோம்."

ஆக, தேசத்தின் முட்டை வாரத்தை முன்னிட்டு, முட்டையில்லாத லசான்யாவுக்கு வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளோட்டம் நடந்தது. அமெரிக்கா மாவு என்கிற மைதாவில் உப்பும் கடலை எண்ணெயும் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, காது மடல் மாதிரி ஆகும் வரை பிசைந்தார்கள். ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடி வைத்தார்கள். முட்டை செய்ய வேண்டிய வேலையை அந்த ஒரு மணி நேரம் செய்தது. பிறகு மெல்லிசாகத் தேய்த்து, நாலு விரல் அகலத்துக்கு நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, நனைத்த வேட்டியில் விரித்தார்கள். கத்திரிக்காயும் வெங்காயமும் தக்காளியும் தொக்காக வதங்கின. பாலில் மாவு கரைத்துக் கூழாகக் காய்ச்சினார்கள். சீஸ் என்று ஒன்று வேண்டுமாம். இன்னொரு படி பாலை எலுமிச்சம்பழம் பிழிந்து திரித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஈயம் பூசின பித்தளைச் சட்டியில் ஒரு அடுக்கு மாவு, ஒரு அடுக்கு தொக்கு, ஒரு அடுக்கு கூழ் என்று அடுக்கி, திரித்த பாலை மேலே உதிர்த்து மூடி, மேலேயும் கீழேயும் தணல் போட்டார்கள்.

"வெளுப்பா இருந்தாக் கண்டுபிடிச்சுருவாங்க," என்றாள் ஜெபமலர்.

"அதெப்பிடிக் கண்டுபுடிப்பாங்க? மாவுல ஒரு சிட்டிகை மஞ்சத்தூள் போட்டுட்டேனுங்க."

சின்னுசாமி சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "ஏம் புள்ள, பாயை ஊற வெச்சு அடுக்குனாப்புல இருக்குது. இதையா அந்த நாட்டுல திங்கறாங்க?"

"பேசாமத் தின்னுங்க."

"தின்னுட்டுத்தான் பேசறேன். இன்னொரு அடுக்கு போடு."

பாவாயி ரெண்டு துண்டு தின்றது. செல்லியம்மாள் வேறு வேலை பார்க்கவில்லை. பொழுது இறங்குகிற வரை பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு உதடாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பசி எடுத்தது.

யூனியன் கொடுத்த ஆறு முட்டைகளையும் காட்டுக்குக் கொண்டுபோய் உடைத்துப் பட்டி நாய்க்கு ஊற்றிவிட்டு, ஓடுகளை ஜெபமலர் பொட்டலம் கட்டிக்கொண்டாள். அந்த வாரம் இந்த மாபெரும் திட்டத்தால் பலன் அடைந்த ஒரே ஜீவன் அந்த நாய்தான்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல். செல்லியம்மாள் காலையில் மறுபடி சமைத்து எடுத்துக்கொண்டு பிள்ளையோடு மேடையேறினாள். யூனியன் ஆணையாளர் தலைமை. போட்டிக்கு வந்தது ஒரே சட்டி என்பதால், நடுவர் குழு அரை மணி நேரம் ஆலோசித்து அதற்கே முதல் பரிசு கொடுத்தது. பாவாயி ஒரு துண்டு தின்று காட்டிற்று. திருச்செங்கோட்டு ஸ்டுடியோக்காரர் படம் எடுத்தார். ஒட்டின கன்னமும் பெரிய கண்ணுமாகப் பிள்ளை படத்தில் விழுந்தது.

இத்தாலி அம்மையார் ஒரு வாய் சாப்பிட்டார். அவர் முகம் மலர்ந்தது. ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் பேசினார். ஜெபமலர் செல்லியம்மாளின் காதோரம் குனிந்தாள். "அக்கா, அவங்க அம்மாவும் வெறும் மாவும் தண்ணியும் வெச்சுத்தான் செய்வாங்களாம். அவங்க ஊர்ப் பக்கம் முட்டையே போட மாட்டாங்களாம். அதே ருசியா இருக்குன்னு சொல்றாங்க."

அதற்குள் அர்த்தநாரி ஒலிபெருக்கியைப் பிடித்து மொழிபெயர்த்துவிட்டார். "முட்டை இல்லையேல் இத்தாலியே இல்லை என்கிறார் அம்மையார்!"

பலத்த கைதட்டல். அம்மையாரும் தட்டினார், பாவம்.

அத்தோடு இறங்கி வந்திருக்கலாம். செல்லியம்மாள் சட்டியைக் கூட எடுத்துவிட்டாள். ஆணையாளருக்குத்தான் ஒரு சந்தேகம்.

"முட்டை வாரத்துப் படத்துல முட்டை எங்கேய்யா?"

"உள்ளே இருக்குதுங்க சார்," என்றார் அர்த்தநாரி.

"உள்ளே இருக்கிறது படத்துல விழுமா? அவிச்ச முட்டை ஒண்ணு கொண்டாய்யா. அந்தக் குழந்தை கையில கொடு."

செல்லியம்மாள் பிள்ளையை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள். "சாமி, அதுக்குச் சேராதுங்க."

"புரட்டாசி விரதமா?"

"இல்லீங்க."

"வேண்டுதலா? எந்தச் சாமிக்கு?"

"சாமிக்கு ஒண்ணுமில்லீங்க. ஒடம்பு வீங்கிப்போவுமுங்க. மூச்சு நின்னுருமுங்க."

அர்த்தநாரி கோப்பைப் புரட்டினார். "மூடநம்பிக்கைன்னு இவங்களே ஒப்புக்கிட்டுக் கைநாட்டு வெச்சிருக்காங்க சார்."

ஜெபமலர் வாயைத் திறந்தாள். ஆணையாளர் அவளைப் பார்த்தார். அவள் மூடிக்கொண்டாள்.

"சேராததைச் சேர்க்கத்தானம்மா சர்க்காரே இருக்குது," என்று ஆணையாளர் சிரித்தார். உரித்த முட்டையைத் தன் கையாலேயே நீட்டினார். பெரியவர்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் பிள்ளை அது. செல்லியம்மாள் தட்டிவிடப் போனாள். "படம், படம்" என்று அர்த்தநாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை பாதியைக் கடித்து விழுங்கிவிட்டது.

"எல்லாரும் இங்கே பாருங்க, அசையாதீங்க!" என்று ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். சூரியனை மேகம் மறைத்தது. "ஒரு அஞ்சு நிமிஷம், வெளிச்சம் வரட்டும். அப்படியே இருங்க."

அப்படியே இருந்தார்கள். ஆணையாளர் சிரித்தபடி இருந்தார். நடுவர் குழு நெஞ்சை நிமிர்த்தி இருந்தது. இப்படி ஒரு கட்டுப்பாட்டை ராணுவத்தில்கூடப் பார்க்க முடியாது. பாவாயி கன்னத்தைச் சொறிந்தது. கன்னம் உப்பியது. உதடு தடித்தது.

"ஐயோ, புள்ளையப் பாருங்க!" என்று கத்தினாள் செல்லியம்மாள்.

"அம்மா, நீங்களும் அசையாதீங்க," என்றார் ஸ்டுடியோக்காரர்.

மேகம் விலகியது. படம் விழுந்தது. பிறகுதான் இத்தாலி அம்மையார் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தார். என்னவோ அலறிக்கொண்டு அதை வாரியெடுத்து ஜீப்புக்கு ஓடினார். செல்லியம்மாள் பின்னாலேயே ஓடி ஏறினாள். திருச்செங்கோட்டில் டாக்டர் ஊசி மேல் ஊசி போட்டார். மூச்சு சீராவதற்குள் விடிந்துவிட்டது. கண் திறக்க மூன்று நாள் ஆயிற்று. 'குழந்தையின் மேல் கொண்ட அன்பினால் சிறப்பு விருந்தினர் அதைத் தாமே தூக்கிச் சென்றார்' என்று விழா அறிக்கையில் எழுதினார்கள். எழுதினதில் அந்த ஒரு வரி நிஜம்.

ஒரு மாசம் கழித்துச் செல்லியம்மாள் பத்துக் கோழிகளையும் கூடையில் போட்டுக் கட்டினாள்.

"எங்க பொறப்பட்ட?" என்றான் சின்னுசாமி.

"எம்புள்ள படத்தை ஆபீசுச் செவுத்துல மாட்டியிருக்காங்களாம். அவிய கோழிய அவியகிட்டக் குடுத்துட்டு, படத்தைக் கழட்டி வாங்கிட்டு வாரேன்."

ஆபீசு வராந்தாவில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ரெண்டு படம். இடது பக்கம் கன்னம் ஒட்டின பாவாயி. கீழே, 'முட்டைக்கு முன்'. வலது பக்கம் முகம் பூசணிக்காய் மாதிரி உப்பின பாவாயி. கீழே, 'முட்டைக்குப் பின்'. ரெண்டுக்கும் நடுவே எவ்வளவு காலம் என்று எழுதவில்லை. அரசாங்கம் எப்போதும் தேவையானதை மட்டுமே சொல்லும். படத்துக்கு முன்னால் பத்திருபது தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார்கள். அர்த்தநாரி ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கிக்கொண்டிருந்தார். செல்லியம்மாளைக் கண்டதும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இதோ, பெத்த தாயே வந்துட்டாங்க! வாங்கம்மா. நீங்களே சொல்லுங்க, அன்னைக்கு உங்க குழந்தை எத்தனை முட்டை சாப்பிட்டுது?"

"பாதிங்க."

"கேட்டுக்கிட்டீங்களா!" அர்த்தநாரி குச்சியை உயர்த்தினார். "வெறும் பாதி! பாதி முட்டைக்கே இந்த முகம்னா, முழுசும் சாப்பிட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்?"

செல்லியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"முழுசும் தின்னிருந்தா, இந்தப் படத்துக்கு நாங்க மாலை போட்டிருப்போமுங்க."